மூடியளவு

வெள்ளிக்கிழமை இரவு
ஐந்து புட்டிகளையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு
வென்றவள் போலக் கை கழுவினேன்.
வைதோதஸ் சண்டை போடவில்லை.
"சரி, விட்டுவிடுகிறேன்" என்றான்,
ஜன்னலில் படிந்த பனியைப் பார்த்து.

சனி மாலை
பீட்ரூட் சூப் கிண்ணத்தில்
அவன் கரண்டி தந்தியடித்தது.
மேசைவிரிப்பெங்கும் சிவப்பு.
ஜனவரிக் குளிரில் சட்டை நனைய வியர்த்தான்.
நல்லதுதான், விஷம் இறங்குகிறது
என்று நினைத்தேன்.
அந்த நினைப்பை இன்னும்
என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெருமையாகத்தான் தொலைபேசியில் சொன்னேன்:
நேற்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை, டாக்டர்.
மறுமுனை ஒரு மூச்சு தாமதித்தது.
எத்தனை வருடமாக, தினம் எவ்வளவு,
முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா?
ஒருமுறை.
காட்டு வேலையில். வெயில் என்றோம்.

ஆம்புலன்ஸ் காயலுக்கு அந்தப் பக்கம்
கிளைபெதாவில் நின்றது.
நாங்கள் இந்தப் பக்கம்,
கடலுக்கும் காயலுக்கும் நடுவே
ஒரு மணல் நாக்கின் மேல்.
காற்று; பனிக்கட்டி;
விடியும்வரை படகு இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது:
வீட்டில் ஏதாவது மிச்சமிருக்கிறதா?

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
கொட்டிவிட்டேனே, டாக்டர்,
கொட்டிவிட்டேனே.

விறகுக் கொட்டகை,
என்றான் வைதோதஸ் தரையைப் பார்த்து.
ரம்பத்துக்குப் பின்னால். எண்ணெய்க் கேனுக்கு அடியில்.

நடுக்கம் அடங்கும் அளவுக்குக் கொஞ்சம்,
போதைக்கு அல்ல, என்றது குரல்.
திடீரென நிறுத்துவதுதான் இப்போது ஆபத்து.
தனியே விடாதீர்கள்.
வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்,
வாயில் எதையும் திணிக்காதீர்கள்.
நான் இணைப்பிலேயே இருக்கிறேன்.

மகளுக்கு இருமல் மருந்து அளக்கும்
பிளாஸ்டிக் மூடி.
அதில்தான் ஊற்றினேன்.
அவன் கைகளால் பிடிக்க முடியவில்லை.
நற்கருணை வாங்குபவன் போல
கண்மூடி வாய் திறந்தான்.
பதினொரு வருடம் அவன் குடிக்கக் கூடாதென்று
வேண்டியவள் நான்.
அந்த இரவு முழுக்க
அவனுக்குக் குடிக்கக் கொடுத்தவளும் நான்.

முதல் படகு எட்டு மணிக்கு.

ஆஸ்பத்திரியில் யுர்கிதா என்றொரு நர்ஸ்,
காலணியில் ஒன்று மட்டும் கிறீச்சிடும்.
கையை நீட்டுங்கள். நாக்கை நீட்டுங்கள்.
இன்று என்ன கிழமை?
இரவிலும் விடாமல், மணிக்கணக்கு வைத்து.
சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவதற்கு முன்
ஒரு வைட்டமின் ஊசி; மூளைக்கு என்றாள்.
நடுக்கத்துக்கு மாத்திரைகள்,
நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே
வருவார்களாம்.

மூன்றாம் இரவு
திரைச்சீலையில் நீர்க்காகங்கள் வந்து உட்கார்ந்தன.
ஏப்ரல்தோறும் எச்சத்தில் வெளுத்த பைன்மரங்களின் கீழ்
கூடு எண்ணுவது அவன் வேலை;
அதனால் எண்ணத் தொடங்கினான்.
பறவையே இல்லை என்று நான் சொல்ல வாயெடுக்க,
யுர்கிதா விளக்கைப் போட்டாள்.
"இது கிளைபெதா ஆஸ்பத்திரி, வைதோதஸ்.
மணி மூன்று. நான் யுர்கிதா.
எனக்குப் பறவை தெரியவில்லை.
உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?"
பதினேழு, என்றான்.
டாக்டரை அழைத்தாள். மருந்தைக் கூட்டினார்கள்.
விடியும்போது நான்கு.
மத்தியானம், வெறும் திரைச்சீலை,
ஓரத்தில் தையல் பிரிந்தது.

ஒன்பதாம் நாள் திரும்பும் படகில்
காகிதக் கோப்பைத் தேநீரை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.
பாதி சிந்தியது.
இனிமேல் தொடமாட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை.
வியாழக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறதாம்,
பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டான்.
எனக்கும் தெரியவில்லை.

மகளுக்கு மறுபடி இருமல்.
"மூடி எங்கே அம்மா?"
அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது.
எறியவும் மனமில்லை,
எடுக்கவும் மனமில்லை.
கரண்டியால் ஊற்றுகிறேன்,
கொஞ்சம் கூடவே போய்விடுமோ என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.